அழகன் கெடுக்காத பெட்டி

மஸ்கெலியா பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்து டீக்கடையில் யாருடைய ஃபோனாவது வேலை செய்யாமல் நின்றுவிட்டால், "என்னப்பா, அழகன் கையில குடுத்தியா?" என்று ஒருவன் கேட்பான். மற்றவர்கள் சிரிப்பார்கள். சிரிக்கிறவர்களில் பாதிப் பேர் அழகனைக் கண்ணால் கண்டதில்லை. அவன் எந்தப் பெட்டியைக் கெடுத்தான், எப்போது கெடுத்தான் என்று கேட்டால் ஒருவனுக்கும் தெரியாது. தோட்டத்துக்கு வந்த கொம்பியூட்டரை அழகன் கீழே போட்டு உடைத்தான் என்று யாரோ சொன்னார்கள், அவ்வளவுதான். அதைக் கேட்கிற ஒவ்வொரு தடவையும் பாதி டீயை அப்படியே வைத்துவிட்டு எழுந்து வந்திருக்கிறேன். வாயைத் திறக்க முடியாத நிலைமை அன்றைக்கு. இன்றைக்குத் திறக்கிறேன்.

நான் தேயிலைக் கொழுந்து ஏற்றுகிற லொறி ஓட்டுகிறவன். பேர் மூக்கன். அழகன் எனக்குச் சொந்தமில்லை, தோட்டத்து வரிசை வீடான மேட்டு லயத்தில் பக்கத்துப் பக்கத்துக் காம்பரா. அவனுடைய அம்மா கொழுந்தெடுக்கப் போகும்போது அவனைப் பிள்ளைக்காம்பராவில் விட்டுவிட்டுப் போவாள். வேலைக்குப் போகிற பெண்கள் கைப்பிள்ளைகளை விட்டுப்போக ஒவ்வொரு தோட்டத்திலும் அப்படி ஒரு அறை இருக்கும். எங்கள் தோட்டத்தில் அதைப் பார்த்துக்கொண்டவள் வீரம்மா. எல்லோருக்கும் ஆயாம்மா. கல்யாணம் கட்டி வந்த கொஞ்ச நாளிலேயே புருசனை மண்சரிவு கொண்டுபோய்விட்டது. பிறகு அவள் வளர்த்ததெல்லாம் ஊரான் பிள்ளைகள்தான். தோட்டத்தில் இன்றைக்கு மீசை வைத்திருக்கிற ஒவ்வொருவனுக்கும் மூக்குச் சளி துடைத்த கை அது. ஆனால் அதே பிள்ளைக்குப் பேர் வைக்கிற அன்றைக்கு, காது குத்துகிற அன்றைக்கு, அந்தக் கையைத் தள்ளி நிற்கச் சொல்லுவார்கள். தாலி அறுத்தவள் கை ஆகாதாம். சோறூட்ட ஆகும், சந்தனம் தொட ஆகாது. இந்த நியாயத்தை எனக்கு எந்தச் சாமியும் வந்து விளக்கவில்லை.

அழகன் மீசை முளைக்கும் முன்பே கொழும்புக்குப் போனான். முதலில் இரும்புக்கடை, பிறகு கொம்பியூட்டர் சாமான் விற்கிற கடையில் பெட்டி தூக்குகிற வேலை. தூக்கித் தூக்கி, பெட்டியைத் திறந்து பூட்டக் கற்றுக்கொண்டான். தொண்ணூறுகளில் கொழும்பில் தோட்டத்துப் பையன் என்றால் என்ன பாடு என்று எல்லோருக்கும் தெரியும். பொலிஸ் சுற்றிவளைப்பு என்றால் முதலில் ஏற்றுவது அவனைத்தான். அடையாள அட்டையில் விலாசத்தைப் பார்த்துவிட்டு, நுவரெலியா மாவட்டத்தான் இங்கே என்ன செய்கிறாய் என்று ஸ்டேசனில் உட்கார வைத்துவிடுவார்கள். இரண்டு மூன்று தடவை அப்படிப் போனதும் மூட்டையைக் கட்டிக்கொண்டு வந்துவிட்டான்.

நல்லவன் என்று சொல்லமாட்டேன். பெரிய வாய்க்காரன். சட்டைப் பையில் சீப்பு, எந்தக் கண்ணாடியைக் கண்டாலும் நிற்பான், என் லொறிக் கண்ணாடி உட்பட. லயத்துக்கு டிவி வயர் இழுத்துக் கொடுத்தான். படம் புள்ளி புள்ளியாகத் தெரிந்தால் டிவியில் பிழை, மழையில் பிழை, பார்க்கிறவன் கண்ணில் பிழை. தன் வயரில் பிழை என்று ஒருநாளும் ஒத்துக்கொண்டதில்லை. "நான் தொட்டது பிழையாகாது" என்பான். அவன் வாயில் "தப்பு என்னோடதுதான்" என்ற பேச்சைக் கேட்க வேண்டுமென்றால் ஆதிசிவன் இறங்கி வரவேண்டும் என்று அவன் பெண்சாதியே சொல்லுவாள்.

இரண்டாயிரத்து ஆறாம் ஆண்டில் றோட்டோரம் புதிய பிள்ளைக்காம்பரா கட்டினார்கள். பழைய அறை சும்மா கிடந்தது. அதை உர ஸ்டோராக்கத் தோட்டத்து மனேஜர், எங்கள் பெரிய துரை, நினைத்திருந்தார். அழகனும் இளைஞர் கழகத்துப் பையன்களும் போய் நின்று, கொம்பியூட்டர் அறைக்குக் கேட்டார்கள். கொழும்பில் ஒரு அமைப்பு பெட்டி தர ஒத்துக்கொண்டிருந்தது. துரை ஒரேயடியாக மறுக்கவில்லை. தீபாவளிக்கு முன்னால் கொழும்புக்காரர்கள் பார்க்க வருவார்கள். அன்றைக்குப் பெட்டியில் இன்டர்நெட் ஓடினால் அறை உங்களுக்கு, ஓடாவிட்டால் மறுநாள் உர மூட்டை இறங்கும் என்றார். தலைவர் செல்லசாமியை வைத்துக்கொண்டே சொன்னார். செல்லசாமி தோட்டக் கமிட்டித் தலைவர், தொழிற்சங்கத்துக்காரர், மாலை போட்டுக்கொள்ளக் கழுத்தை எப்போதும் தயாராக வைத்திருப்பவர்.

பெட்டி வந்தது. அதில் விண்டோஸ் இல்லை, லினக்ஸ். அந்த அமைப்பு எல்லோருக்கும் அப்படித்தான் கொடுக்கிறது, வைரஸ் வராது என்று அழகன் சொன்னான். செல்லசாமிக்குப் பிடிக்கவில்லை. ஓசியில் கொடுத்தது ஓசி மாதிரித்தான் இருக்கும் என்றார்.

இன்டர்நெட்டுக்குத் தோட்டத்தில் ஏது வழி? டவுனில் இஸ்ஸதீன் முதலாளியின் கடையில் இருந்தது. ஃபோட்டோகொப்பி, ஃபோன், இன்டர்நெட் எல்லாம் ஒரே கடையில். பஸ்ஸில் போனால் சுற்றுவழி. நேரே பார்த்தால் குளத்துக்கு இந்தக் கரையில் எங்கள் அறை, அந்தக் கரையில் அவர் கடைக் கூரை. நடுவில் தண்ணீர் மட்டும், ஒரு மரம் மறைக்கவில்லை. கூரைக்குக் கூரை அன்டெனா வைத்தால் வயர் இல்லாமல் வரும் என்று அழகன் சொன்னபோது இஸ்ஸதீன் முதலாளி சிரிக்கவில்லை. சரி செய்து பார் என்றார். கொழும்பிலிருந்து, வயர் இல்லாமல் இன்டர்நெட் பிடிக்கிற வயர்லெஸ் காட் ஒன்றையும் எடுப்பித்துக் கொடுத்தார். உள்ளங்கை அகலப் பச்சைப் பலகை, ஒரு ஓரத்தில் பொன்னாய் மின்னுகிற பல்வரிசை. அந்தப் பல்வரிசைதான் பெட்டிக்குள் இருக்கிற பள்ளத்தில் போய் உட்கார வேண்டும்.

பெட்டியை என் லொறியில் கடைக்குக் கொண்டுபோய் அங்கேயே காட்டைப் பூட்டிப் பார்த்தோம். லினக்ஸில் ஓடியது. என் கண்ணால் பார்த்தேன். தோட்டத்து றோட்டுக் குலுக்கலுக்குப் பயந்து காட்டைக் கழற்றி அதன் பையில் போட்டு, மடியில் பிள்ளையை வைத்துக்கொள்கிற மாதிரி வைத்துக்கொண்டு வந்தான். அது கீழே விழவில்லை. இதைத்தான் இந்த ஊருக்கு நான் முதலில் சொல்ல வேண்டும். விழவில்லை.

நாங்கள் கொண்டுவந்தது ஆயுத பூசைக்கு முதல் நாள். ஆயுத பூசை என்றால் எங்கள் பக்கம் கவ்வாத்துக் கத்தியிலிருந்து ஃபெக்டரி ரோதைச் சக்கரம் வரைக்கும் சந்தனம் குங்குமம் வைக்காமல் விடமாட்டோம். என் லொறிக்கு ஒவ்வொரு சக்கரத்துக்கும் வைப்பேன். புதுப்பெட்டிக்குத் தான்தான் பொட்டு வைப்பதாகச் செல்லசாமி சொல்லி வைத்திருந்தார். அழகனுக்கு அது பொறுக்கவில்லை. நேரே போய் வீரம்மாவைக் கூட்டி வந்தான்.

அவள் வாசலைத் தாண்டமாட்டேன் என்றாள்.

"வேணாம்டா அழகா. என் கைய அதுல நீட்ட வைக்காத. நாளைக்கு ஒண்ணுன்னா நாலு பேரு நாலு விதமா பேசுவாங்க."

"எந்த நாய் பேசும்? இந்த ரூமுல பேசுற உரிமை உங்களுக்குத்தான் இருக்கு ஆயாம்மா. நீங்க வைக்கலன்னா வேற எவனும் வைக்க வேணாம்."

அவன் பிடித்த பிடியில் உள்ளே போனாள். பையிலிருந்து எடுத்த காட்டைப் பெட்டிக்குப் பக்கத்தில் வைத்து, அவள் கூச்சப்படுவாள் என்று கதவைச் சாத்திவிட்டு அழகன் அன்டெனா பூட்டக் கூரையில் ஏறினான். நான் கீழே ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். உள்ளே அவள் ஏதோ முணுமுணுத்துக் கும்பிடுகிறது கேட்டது. வெளியே வந்தபோது முகம் அப்படி மலர்ந்திருந்தது. இத்தனை வருசத்தில் அவள் கையில் சந்தனக் கிண்ணத்தை நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

மாலை மங்கலில் அழகன் காட்டைப் பள்ளத்தில் அழுத்திப் பூட்டினான். அதன் இரும்பு ஓரத்தில் ஒரு சந்தனப் பொட்டு இருந்ததைக் காட்டிச் சிரித்தான். மறுநாள் பூசை முடிந்து, செல்லசாமியும் தன் பங்குக்கு ஒரு பொட்டை வைத்துவிட்டுப் போன பிறகு பெட்டியின் சுவிட்சைப் போட்டான். காட் இல்லை.

இருக்கிறது, ஆனால் பெட்டிக்குத் தெரியவில்லை. அழகன் கறுப்புத் திரையில் ஏதோ அடித்தான், வரிசையாக எழுத்து இறங்கியது. பெட்டிக்குள் யார் யார் இருக்கிறார்கள் என்று பேர் கூப்பிடுகிற கட்டளையாம். எனக்கு விளங்கவில்லை என்றதும் எரிந்து விழுந்தான்.

"காலையில பெரட்டுல கணக்கப்பிள்ள பேரு கூப்பிடுறாருல்ல அண்ணே? வந்தவன் ஆமான்னுவான். வந்துட்டு வேலை தெரியாம நிக்கிறான்னா, அவனுக்கு வேலை பழக்கலாம். அதுக்கு வேற சொஃப்ட்வேர் இருக்கு. இவன் பெரட்டுக்கே வரல. லயத்துல படுத்துக் கெடக்கான். வராதவனுக்கு என்னாத்த பழக்குறது?"

கழற்றிப் பூட்டினான். பக்கத்துப் பள்ளத்தில் பூட்டினான். ஊதினான், துணியால் தட்டினான், திரும்பத் திரும்பப் பேர் கூப்பிட்டான். மற்றதெல்லாம் பதில் சொன்னது, இது மட்டும் சொல்லவில்லை. பள்ளத்தில் பிழை என்றான், ஈரத்தில் பிழை என்றான், கொழும்புக்காரன் பெட்டியில் பிழை என்றான். அந்த அறையின் வெளிச்சத்துக்குப் பொன்னும் சந்தனமும் ஒரே நிறம்தான்.

பிறகு தொடங்கியது பேச்சு. இஸ்ஸதீன் முதலாளியின் மகன் அக்ரம் வந்து பார்த்தான். கொம்பியூட்டர் வகுப்புக்கெல்லாம் போன நல்ல பொடியன். விண்டோஸ் போட்டால் காட்டோடு வந்த சீடி வேலை செய்யும் என்றான். விண்டோஸ் போட்டாலும் பெரட்டுக்கு வராதவன் வரமாட்டான் என்று அழகன் கத்தினான். செல்லசாமி, "தலைவர் நான் சொல்லுறேன், போடு" என்றார். போட்டார்கள். விண்டோஸுக்கும் அது தெரியவில்லை. அப்போதாவது லினக்ஸில் பிழை இல்லை என்று ஒருவனாவது சொல்ல வேண்டாமா? லினக்ஸை விட்டுவிட்டு அழகனைப் பிடித்துக்கொண்டார்கள். கடையில் ஓடின சாமான் இங்கே ஓடவில்லை என்றால் வழியில் கீழே போட்டிருக்கிறான். போட்டுவிட்டு லினக்ஸ், பள்ளம் என்று கதை விடுகிறான். தண்ணீர்ப் பீலியில், கோயிலில், கொழுந்து நிறுக்கிற இடத்தில் இதே பேச்சு. உர மூட்டைக்கு அடியில் வைக்கப் பலகை வெட்டுகிறார்கள் என்று வேறு ஒருவன் வந்து சொன்னான்.

இதைவிட எனக்குச் சங்கடமாயிருந்தது வீரம்மாதான். அந்த அறைப் பக்கம் வருவதை விட்டுவிட்டாள். அறையைத் தாண்டிப் போகிற பாதையை விட்டு, அட்டைக் கடியோடு தேயிலைக்குள் இறங்கிப் போனாள். ஒருநாள் லொறியை நிறுத்திக் கேட்டேன். அவள் தலையை நிமிர்த்தவில்லை.

"நான் அன்னைக்கே சொன்னேன் தம்பி. கேட்டானா? என் கை பட்டது எதுதான் வெளங்கியிருக்கு."

கொழும்புக்காரர்கள் வருவதற்கு முதல்நாள் அழகன் காட்டை எடுத்துக்கொண்டு என் லொறியில் ஏறினான். விலைக்கு வேறு வாங்க வழியில்லை, கடையில் ஒரு தடவை பூட்டிப் பார்ப்போம் என்றான். வழியெல்லாம் கண்ணாடியைக்கூடப் பார்க்கவில்லை.

கடையில் இஸ்ஸதீன் முதலாளி இல்லை, தொழுகைக்குப் போயிருந்தார். அவர் சம்சாரம் கமறியா கல்லாவில் இருந்தார். காட்டைப் பையோடு கையில் வாங்கினவர் பையைத் திறந்ததும் முகத்துக்குப் பக்கத்தில் கொண்டுபோனார்.

"இதென்ன தம்பி, சந்தனம் மணக்குது? கோயிலுக்கா கொண்டு போன?"

அழகன் அதை வாங்கி வெளியே வெயிலில் போய்ப் பிடித்தான். நானும் எட்டிப் பார்த்தேன். அந்தப் பொன் பல்வரிசையில், ஒவ்வொரு பல்லுக்கும் வைத்த மாதிரி, வரிசையாக, வீரம்மா எவ்வளவு அழகாகச் சந்தனம் பூசியிருக்கிறாள் தெரியுமா. பெட்டிச் சாமான் முழுக்கப் பார்த்திருக்கிறாள், எது நகை மாதிரி மின்னுகிறதோ அதுதான் அதற்கு முகம் என்று நினைத்திருக்கிறாள். கழற்றிப் பூட்டின இடத்தில் தேய்ந்து, பல்லுக்கு நடுவில் அப்பிப்போய்க் கிடந்தது.

கடையிலிருந்து ஒரு அழிறப்பரை வாங்கி, பென்சில் எழுத்தை அழிக்கிற மாதிரி அழகன் மெல்ல மெல்லத் தேய்த்தான். கடைக் கொம்பியூட்டரில் பூட்டினான். பேர் கூப்பிட்டான். வந்து நின்றது.

நான் சத்தம் போட்டுச் சிரித்துவிட்டேன். அவ்வளவு நாள் ஏறியிருந்தது இறங்கின சிரிப்பு. இன்றைக்கே போய்ச் செல்லசாமி மூஞ்சியில் அடிக்கிற மாதிரிச் சொல்வோம் என்றேன். அழகன் சிரிக்கவில்லை. லொறியில் ஏறி, டவுனைத் தாண்டினதும் சொன்னான்.

"சந்தனம்னு சொன்னா எவன் வச்சான்னு கேப்பானுங்க அண்ணே."

"நீ வச்சேன்னு சொல்லு. இல்ல, நான் வச்சேன்னு சொல்றேன்."

"ஊருக்குச் சொல்லலாம். ஆயாம்மாவுக்குத் தெரியாதா, வச்சது யாருன்னு?"

அவன் சொன்னதில் பிழை இல்லை. பல்லில் பசை ஒட்டினால் மின்சாரம் போகாது, யார் வைத்தாலும் போகாது, செல்லசாமி வைத்திருந்தாலும் போகாது. இதை எங்கள் ஊரில் எவன் காதில் வாங்குவான்? தாலி அறுத்தவள் கை பட்டது, பெட்டி படுத்தது. இதைத்தான் பிடித்துக்கொள்வார்கள். அவளும் அதையேதான் நம்புவாள், பாதி நம்பிவிட்டாள். சந்தனம் என்ற பேச்சே வெளியில் வரக்கூடாது, அவள் உயிரோடு இருக்கிற வரைக்கும் வரக்கூடாது என்று என்னிடம் சத்தியம் வாங்கினான். ஸ்டியரிங்கில் கை வைத்து வாங்கினான். மனுசன் தொழில் செய்கிற இடத்தில் வைத்துச் சத்தியம் வாங்கினால் மீற முடியுமா?

அறைக்குத் திரும்பிப் பல் தீட்டுகிற பிரசால் இரண்டு பள்ளத்தையும் சுத்தம் செய்தான். விண்டோஸைத் தூக்கிவிட்டு லினக்ஸையே திரும்பப் போட்டான், அதில் மட்டும் பிடிவாதம் விடவில்லை. மறுநாள் கொழும்புக்காரர்கள் வந்தார்கள், துரை வந்தார், பையன்கள் சுவரோரம் மூச்சு விடாமல் நின்றார்கள். கூரையில் அன்டெனா, எதிரே பனி விலகின குளம். திரையில் பக்கம் திறந்தது. துரை தலையாட்டினார். அறை எங்களுக்கு என்றாகிவிட்டது.

அத்தோடு முடிந்திருக்கலாம். செல்லசாமி முடியவிட்டாரா? அத்தனை பேர் முன்னால், மாலை கழுத்தில் இருக்க, இவ்வளவு நாள் ஓடாதது இன்றைக்கு எப்படி ஓடுகிறது, இத்தனை நாள் ஊரை ஏன் அலைக்கழித்தாய் என்று அழகனைக் கேட்டார். வாசலுக்கு வெளியே, பெண்களுக்குப் பின்னால், தலையில் முக்காட்டோடு வீரம்மா நின்றுகொண்டிருந்தாள். பதிலைக் கேட்கத்தான் வந்திருந்தாள் என்று எனக்குத் தெரியும். அவனுக்கும் தெரியும். எனக்கு வாய் துடித்தது. அவன் என்னை ஒரு பார்வை பார்த்தான்.

"தப்பு என்னோடதுதான் தலைவரே. லொறியில வரக்குள்ள கை தவறிக் கீழ போட்டுட்டேன். சொல்லப் பயந்துக்கிட்டு இருந்தேன். நேத்து டவுன்ல குடுத்துச் சரி பண்ணிட்டேன்."

அவன் பெண்சாதி வாயில் கை வைத்துக்கொண்டாள். சிரிப்புக் கிளம்பியது. "நான் தொட்டது பிழையாகாது" என்று ஒருவன் அவன் குரலிலேயே சொல்லிக் காட்டினான். கூட்டத்துக்குப் பின்னால் வீரம்மா முக்காட்டைத் தள்ளிவிட்டு எட்டி எட்டி அந்தத் திரையைப் பார்த்தாள். அந்த முகத்தைப் பார்த்ததால்தான் அன்றைக்கு நான் செல்லசாமியின் சட்டையைப் பிடிக்கவில்லை.

அந்த வாரமே கமிட்டி கூடி அறைச் சாவியை அழகனிடமிருந்து வாங்கிக்கொண்டது. பொறுப்பில்லாதவனாம். டிவி வயர் வேலைக்கும் ஆட்கள் அவனைக் கூப்பிடுவதை நிறுத்தினார்கள். கதவில் கொம்பியூட்டர் அறை என்ற பேருக்குக் கீழே செல்லசாமியின் பேரை எழுதினார்கள். அழகன் பேர் எந்த மூலையிலும் இல்லை. கதவில் இருந்த பேரைப் பார்க்கிற போதெல்லாம் லொறி ஹோனை அடித்துக்கொண்டு போவேன். என்னால் செய்ய முடிந்தது அதுதான்.

ஊர் வாயைத் தாங்கி வாழ முடியாமல் அழகன் கட்டார் போனான். அங்கே ஒரு கட்டடத்தில் வேலை செய்துகொண்டிருக்கும்போதே நெஞ்சு வலித்து விழுந்து போய்ச் சேர்ந்தான். பெட்டியில் கொண்டுவந்தார்கள். சவ வீட்டிலும் ஒருவன் அந்தப் பழைய பகிடியைச் சொன்னான், மெதுவாகத்தான் சொன்னான், எனக்குக் கேட்டது. அவன் கன்னத்தில் விழுந்ததும் எல்லோருக்கும் கேட்டது. எதற்கு அடித்தாய் என்று கேட்டார்கள். பதில் சொல்ல என்னிடம் உத்தரவு இல்லை. வீரம்மா உயிரோடு இருந்தாள். இந்த ஆடியில் அவளும் போய்விட்டாள். சத்தியம் தீர்ந்தது. டீக்கடையில் சிரிக்கிறவன் இனி இதை வாசித்துவிட்டுச் சிரிக்கட்டும்.

கட்டாருக்குப் போக அவனை ஹட்டன் ஸ்டேசனில் கொண்டுபோய் விட்டவன் நான்தான். ரயில் வரச் சுணங்கியது. இந்த ஊரைத் திட்டித் தீர்த்தேன், அவனையும் சேர்த்துத் திட்டினேன். உன் மானத்தையும் விற்று அந்த அறையையும் வாங்கிக் கொடுத்தாயே, அந்த நாய்கள் உன்னை உள்ளே விடுகிறார்களா என்று கேட்டேன். அவன் ஸ்டேசன் கண்ணாடியில் தலை சீவிக்கொண்டிருந்தான். வண்டி வந்து ஏறின பிறகு யன்னல் வழியாகக் கையைப் பிடித்து இழுத்தான்.

"அண்ணே, ஆயாம்மா இன்னும் வாசல்லதான் நிக்கிறாங்க. உள்ள போகல. ஒருநாள் கையப் புடிச்சுக் கூட்டிட்டுப் போங்க. எவன் பாத்தாலும் பரவால்ல, பெட்டி சுவிட்ச அவங்க கையால போடச் சொல்லுங்க."